எபிசோட் 41: நம்ம ஊரு சோளம், நம்ம தட்டு, அப்புறம் இந்த இம்யூனிட்டி

சென்னையில இருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நைட் பஸ்ல போறவங்க எல்லாரும் எங்க ஊரைத் தாண்டித்தான் போறீங்க. ஆனா பெரம்பலூர் வரும்போது நல்லா தூங்கிட்டு இருப்பீங்க. ஒரு தடவை தை மாசம் பகல்ல வாங்க. ஹைவேயை விட்டு இறங்கி வேப்பந்தட்டை பக்கமோ குன்னம் பக்கமோ போனா ரோட்டுல பாதி உங்களுக்கு, மீதிப் பாதி மக்காச்சோளத்துக்கு. தார் ரோட்டுல மஞ்சளா கொட்டிக் காயப் போட்டிருப்பாங்க. பைக்கை அது மேல ஏத்தினா திட்டு விழும், நியாயமான திட்டுதான்.

போன பொங்கலுக்கு என் டீம்ல இருக்கற ஒரு பையன் எங்க வீட்டுக்கு வந்தான். பொறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை. இதைப் பார்த்துட்டு, "இவ்வளவையும் யாரு ப்ரோ சாப்பிடறாங்க?"ன்னு கேட்டான். எங்க பெரியப்பா பக்கத்துல நின்னுட்டு இருந்தார். "நாங்க எங்க தம்பி சாப்பிடறோம், கோழி சாப்பிடுது"ன்னார்.

அதுதான் உண்மை. தமிழ்நாட்டுல மக்காச்சோளம் அதிகமா விளையற மாவட்டங்கள்ல பெரம்பலூர் ஒண்ணு. அதுல பெரும்பகுதி நாமக்கல் மாதிரி ஊர்கள்ல இருக்கற கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாப் போகுது. கொஞ்சம் ஸ்டார்ச் ஆலைக்குப் போகுது. இப்பல்லாம் எத்தனால் தயாரிக்கவும் வாங்கறாங்க. ஸ்டார்ச் ஆலையில அது மாவாகி, லிக்விட் குளுக்கோஸ் ஆகி, மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகி, பிஸ்கட், மிட்டாய், 'ஹெல்த் ட்ரிங்க்'னு நம்ம கைக்கு வருது. உங்க டெஸ்க்ல இருக்கற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. இந்தப் பேர்கள்ல ஒண்ணாவது இருக்க வாய்ப்பு அதிகம். மக்காச்சோளத்துல இருந்து வந்திருக்கும், இல்லன்னா மரவள்ளிக்கிழங்குல இருந்து.

இன்னைக்கு எபிசோட் ஹோல் ஃபுட்ஸ் பத்தி. அதைச் சாப்பிட்டா இம்யூனிட்டி ஏறுமா, சுகர் வராம இருக்குமான்னு ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல அடிக்கடி ஓடற விஷயம். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதறவன். அதனால ஆராய்ச்சிகள்ல என்ன வந்திருக்குன்னு படிச்சேன், எங்க ஊர்ல என்ன நடந்துதுன்னு கேட்டேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல ஊர்க் கதை.

பெரம்பலூர், அரியலூர் ரெண்டும் பெரும்பாலும் மானாவாரி பூமி. அந்தப் பக்கம் கொள்ளிடக் கரையோரம் நெல், மத்த இடத்துல வானம் பார்த்த நிலம். ஒரு காலத்துல இந்த நிலத்துல வரகு, சோளம், கம்பு, நடுவுல துவரை, மொச்சைன்னு கலந்து போட்டிருக்காங்க. இங்க சோளம்னா பழைய நாட்டுச் சோளம், மக்காச்சோளம் இல்லை. எங்க அப்பாயிக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு. "நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான்டா. மத்த நாளெல்லாம் வரகுச்சோறு, சோளக்களி, கம்மங்கூழு"ன்னு சொல்லும்.

அதைக் கேட்டதும் நமக்கு, ஆஹா, எவ்வளவு ஆரோக்கியமான வாழ்க்கைன்னு தோணும். அப்பாயிக்கு அப்படித் தோணலை. வரகுக்கு ஏழு தோலுன்னு ஊர்ல சொல்வாங்க. அவ்வளவு கெட்டியான உமி. திருகையில அரைச்சு, உரல்ல குத்தி, புடைச்சு, திரும்பக் குத்தி, அப்புறம்தான் உலை வைக்கணும். "கை காப்புக் காய்ச்சிப் போயிடும்டா. அதுக்கப்புறம் காட்டு வேலைக்கும் போகணும்." சிறுதானியப் பெருமை பேசற நிறைய பேர் இந்த உலக்கையை மறந்துடறாங்க. அதைக் குத்தினது எல்லாம் பெண்கள்தான்.

அப்புறம் ரைஸ் மில் வந்துச்சு, ரேஷன் கடை வந்துச்சு. 2008-ல கிலோ 1 ரூபாய் அரிசி, 2011 ஜூன்ல இருந்து இலவச அரிசி. ரேஷன் அரிசியைக் குறை சொல்ற ஆள் நான் இல்லை. எங்க தெருவுல எத்தனை வீட்டுல ராத்திரி அடுப்பு எரிஞ்சது அதனாலதான்னு எனக்குத் தெரியும். வீட்டுல அரிசி இருக்கும்போது வரகை எதுக்குக் குத்தணும்? நிலத்துல காசு வர்ற பயிரைப் போடலாமே? பருத்தி போட்டாங்க, சின்ன வெங்காயம் போட்டாங்க, மக்காச்சோளம் போட்டாங்க. 2018-ல படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்னுட்டுப் போச்சு. அப்பவும் விடலை. அறுவடைக்கு மெஷின் வருது, வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துட்டுப் போறார். விவசாயி கணக்குல இதுல தப்பே இல்லை.

தட்டுலதான் ஒண்ணு காணாமப் போச்சு. வரகு போனதை எல்லாரும் பேசறாங்க. அது கூடவே ஊடுபயிரா இருந்த துவரையும் மொச்சையும் தட்டைப்பயறும் குறைஞ்சதைப் பத்தி அவ்வளவாப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டா பெரிய இழப்பு அதுதான். ஏன்னு டேட்டாவோட சொல்றேன்.

ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல இந்திய உணவுகளோட சத்து அட்டவணை வெளியிட்டாங்க. அதுல 100 கிராம் வெள்ளை அரிசியில புரதம் கிட்டத்தட்ட 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வரகுல புரதம் 9 கிராம், நார்ச்சத்து 6 கிராம் சொச்சம். நார்ச்சத்து ரெண்டு மடங்கு, நல்ல விஷயம். ஆனா புரதத்துல வித்தியாசம் 1 கிராம். இப்ப முழுப் பச்சைப்பயறைப் பாருங்க: புரதம் 22 கிராம், நார்ச்சத்து 17 கிராம். கொள்ளுலயும் புரதம் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அதாவது கிலோ நூறு ரூபாய் பக்கம் கொடுத்து வரகரிசி வாங்கி, அதே ரெண்டு கரண்டி சாம்பாரை ஊத்திச் சாப்பிட்டா, தட்டு பெருசா மாறலை. சாதா அரிசியே வெச்சுக்கிட்டு அளவைக் குறைச்சு, பக்கத்துல ஒரு கப் பயறு சுண்டல் வெச்சா, தட்டு நிஜமாவே மாறுது. 2024 மே மாசம் வந்த ஐ.சி.எம்.ஆர் உணவு வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுது. நம்ம ஒரு நாள் கலோரியில 50-ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் தானியத்துல இருந்து வருது, அதை 45 சதவீதத்துக்குள்ள கொண்டு வாங்க, பருப்பு பயறைக் கூட்டுங்கன்னு. இந்தியாவோட மொத்த நோய்ச் சுமையில 56.4 சதவீதம் சரியில்லாத உணவோட தொடர்புள்ளதுன்னும் அதே அறிக்கையில இருக்கு.

சரி, வரகு வேண்டாம்னு சொல்றேனா? இல்லை. எந்த வரகுன்னு பார்க்கச் சொல்றேன்.

சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கற வரகரிசி நிறைய வெள்ளை வெளேர்னு இருக்கும். உமியை எடுத்தே ஆகணும், அதுல வேற வழியே இல்லை. ஆனா உமிக்கு உள்ள தவிடுன்னு ஒரு அடுக்கு இருக்கு. நார், எண்ணெய்ச்சத்து, தாதுக்கள் எல்லாம் அதுலதான் அதிகம். அந்த எண்ணெய் இருக்கறதாலதான் தவிட்டோட இருக்கற அரிசி சில மாசத்துலயே சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். கடைக்காரருக்கு அது நஷ்டம். அதனால மில்லுல இன்னும் ரெண்டு சுத்து விட்டு பாலிஷ் பண்ணிடறாங்க. சீக்கிரம் வேகும், பார்க்கப் பளிச்சுனு இருக்கும், ஒரு வருஷம் ஷெல்ஃப்ல நிக்கும். நீங்க எதுக்காகக் கூடுதல் காசு கொடுத்தீங்களோ அது தவிட்டோட போயிடுச்சு. பழுப்பு நிறமா, கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா தவிடு மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் எல்லாம் இன்னும் மோசம். லேபிள்ல பொருட்களை எடை அதிகமா இருக்கறதுல இருந்து வரிசையா எழுதணும்னு சட்டம். முன்பக்கம் கேழ்வரகு படம் போட்டிருக்கும். பின்பக்கம் முதல் பேர் மைதா, ரெண்டாவது சர்க்கரைன்னு இருந்தா நீங்க வாங்கினது மைதா பிஸ்கட்.

இயற்கையானதுன்னாலே ஆபத்தில்லைன்னும் நினைக்காதீங்க. 2024 அக்டோபர் கடைசியில மத்தியப் பிரதேசத்துல பாந்தவ்கர் காட்டுல 10 யானைங்க செத்துப் போன செய்தி ஞாபகம் இருக்கா? வயல்ல புகுந்து தின்னது வரகு. மழையில நனைஞ்ச வரகுல ஒரு பூஞ்சை வரும், அது ஒரு நஞ்சை உண்டாக்கும். நம்ம பக்கம் பெரியவங்க இதைக் 'கிறுக்கு வரகு'ன்னு சொல்வாங்க. தின்னா தலை சுத்தும், மயக்கம் வரும். அதனால பூசண வாடை வர்ற எந்தத் தானியமா இருந்தாலும், அது எவ்வளவு ஆர்கானிக்கா இருந்தாலும், தூக்கிப் போட்டுடுங்க.

இப்ப இம்யூனிட்டிக்கு வரேன்.

கொரோனா சமயத்துல இருந்து இந்த வார்த்தையை வெச்சு என்னென்னமோ வித்துட்டாங்க. நோய் எதிர்ப்பு சக்தி வால்யூம் பட்டன் மாதிரி ஏத்திக்கிட்டே போற விஷயம் கிடையாது. அளவுக்கு மீறி ஏறினா அது நம்ம உடம்பையே தாக்கும். முடக்குவாதம் மாதிரி ஆட்டோ இம்யூன் நோய்கள் அப்படி வர்றதுதான். உணவால செய்ய முடியறது குறையை நிரப்பறது. கிருமியை எதிர்க்கற ஆன்டிபாடி எல்லாமே புரதம். புரதம் பத்தலைன்னா, துத்தநாகம், இரும்பு, வைட்டமின் ஏ பத்தலைன்னா சண்டை போட ஆளும் இல்லை, ஆயுதமும் இல்லை. நார்ச்சத்தை நம்ம குடல்ல இருக்கற பாக்டீரியாக்கள் புளிக்க வெச்சு சில கொழுப்பு அமிலங்களா மாத்துது. குடலோட உள்சுவரை அது பலமா வெச்சிருக்கு, எதிர்ப்பு செல்கள் தேவையில்லாம கொந்தளிக்காமலும் பார்த்துக்குது.

இதுக்கு இந்தியாவுல நடந்த ஒரு ஆராய்ச்சியை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பேரு ரேஷன்ஸ் ட்ரயல். ஜார்க்கண்ட்ல அனுராக் பார்கவா, மாதவி பார்கவான்னு ரெண்டு டாக்டர்களோட குழு செஞ்சது, 2023 ஆகஸ்ட்ல லான்செட்ல வந்துச்சு. காசநோய் வந்த 2,800 பேரையும், அவங்க கூட ஒரே வீட்டுல இருக்கற 10,345 பேரையும் எடுத்துக்கிட்டாங்க. நோயாளிகள் எல்லாருக்குமே உணவு கொடுத்தாங்க. குடும்பத்துல இருக்கற மத்தவங்களுக்கு மட்டும், பாதி இடத்துல கூடுதலா மாசா மாசம் அரிசி, பருப்பு, ஒரு சத்து மாத்திரை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். அவ்வளவுதான். அந்தக் குடும்பங்கள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. மத்தவங்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தா 48 சதவீதம்.

கொடுத்தது கின்வாவும் இல்லை, சியா விதையும் இல்லை. அரிசியும் பருப்பும். இதைப் படிச்ச அன்னைக்கு, அரிசியை வில்லனாக்கற வீடியோக்கள் மேல எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிடுச்சு. பசியோட இருக்கற உடம்புக்கு அரிசி மருந்து. நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து மூணு வேளையும் அரிசி சாப்பிடற உடம்புக்கு அதே அரிசி வேற. நம்ம மாநிலத்துலயும் 2022-ல ஆரம்பிச்ச 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதே புரிதல்லதான் நடக்குது. நோய் கண்டுபிடிச்ச உடனேயே எடை ரொம்பக் குறைஞ்சவங்களைத் தனியா அடையாளம் பார்த்து ஆஸ்பத்திரியில சேர்த்துக் கவனிக்கறாங்க.

இன்னொரு பக்கம் சுகர். சுகர் இருக்கறவங்களுக்குக் காசநோய் வர்ற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு அதிகம். அதனால நாள்பட்ட நோய் வேற, தொத்துநோய் வேறன்னு நாம போடற கோடு உடம்புக்குள்ள கிடையாது. 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வு கணக்குப்படி இந்தியாவுல பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 15.3 சதவீதம் பேர் அதுக்கு முந்தின கட்டத்துல இருக்காங்க. தமிழ்நாட்டுல 14.4 சதவீதம். ஒல்லியா இருக்கேன், எனக்கு வராதுன்னு சொல்லாதீங்க. நம்ம ஆளுங்களுக்கு எடை குறைவா இருக்கும்போதே வருது.

நான் முதல்ல சொன்ன பெரியப்பாவுக்கு 8 வருஷமா சுகர். மாத்திரையில கட்டுப்பாட்டுல இருந்தார். யாரோ ஃபார்வர்ட் பண்ணின ஒரு வீடியோவுல, ஒரு மண்டலம் வரகுக் கஞ்சி குடிச்சா சுகர் அடியோட போயிடும், மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சின்னு ஒருத்தர் பேசியிருக்கார். பெரியப்பா மாத்திரையை நிறுத்திட்டார். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. மூணு வேளையும் கஞ்சி. அதுவும் வரகை மாவா அரைச்சு, குழைய வேக வெச்ச கஞ்சி.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. முழுத் தானியத்தை மெல்லும்போது செரிமானம் மெதுவா நடக்கும். அதையே மாவாக்கிக் கூழாக் கரைச்சா, நம்ம பல்லும் வயிறும் செய்ய வேண்டிய வேலையைப் பாதி மில்லே முடிச்சுடுது. சர்க்கரை வேகமா ரத்தத்துல ஏறும். அதே வரகுதான், உடம்புல நடக்கறது வேற.

நாற்பது நாள்ல ஆள் இளைச்சுட்டார். "பாரு, கஞ்சி வேலை செய்யுது"ன்னு ஊர்ல சொன்னாங்களாம். அது கஞ்சி இல்லை, சுகர் ஏறி உடம்பு கரையுது. செருப்பு கடிச்ச கால் விரல்ல ஒரு கொப்புளம் வந்துச்சு, ஆறலை. பெரியம்மா பார்த்துட்டு எனக்கு போன் பண்ணும்போது விரல் கறுத்துப் போக ஆரம்பிச்சிருந்தது. ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணி, இன்சுலின் போட்டு, புண் ஆற ரெண்டு மாசம். விரல் தப்பிச்சது. வீடியோ போட்டவருக்கு இது தெரியப் போறதில்லை, அவருக்கு வியூஸ் வந்திருக்கும்.

இதைக் கேட்கறவங்க வீட்டுல அப்பாவோ அத்தையோ மாத்திரையை நிறுத்திட்டு ஏதாவது கஞ்சி குடிச்சிட்டு இருந்தா இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. சாப்பாட்டை மாத்தினா சுகர் குறையலாம், மாத்திரை அளவும் குறையலாம். அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் குறைக்கணும். ஊர்ல இருக்கறவங்களுக்கு அலைச்சல்னா, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கறாங்க. எங்க பெரியப்பாவுக்கும் இப்ப அப்படித்தான் வருது.

பி.ஜி-யில இருந்துக்கிட்டு, யு.எஸ் ஷிப்ட் பார்த்துக்கிட்டு இதெல்லாம் எப்படி முடியும்னு கேட்பீங்க. எனக்கும் பி.ஜி-தான், துரைப்பாக்கம். என் செட்டப் ரொம்ப சிம்பிள். காலையில தூங்கப் போறப்ப பயறோ கொண்டைக்கடலையோ ஊற வெச்சுடுவேன், சாயந்தரம் எழுந்து சின்ன எலக்ட்ரிக் குக்கர்ல அவிச்சுக்குவேன். ராத்திரி 11 மணிக்கு ஃபுட் கோர்ட் ஃப்ரைட் ரைஸுக்குப் பதிலா அதுவும் ரெண்டு முட்டையும். ஊர்ல இருந்து வர்ற பையில வறுத்த நிலக்கடலை கட்டாயம் இருக்கும். எங்க சித்தி வீடு ஜெயங்கொண்டம் பக்கம் ஆண்டிமடத்துல. வீட்டைச் சுத்தி முந்திரிக்காடு. ஆனா சித்தி, "முந்திரி விக்கறதுக்குடா, கடலை திங்கறதுக்கு"ன்னு சொல்லிடும். சத்து பார்த்தாலும் காசு பார்த்தாலும் சித்தி சொல்றது சரி. கீரை, காய் எல்லாம் உங்களுக்கே தெரியும், கிடைக்கறதைச் சாப்பிடுங்க. ரேஷன் கார்டு இருக்கற வீடுன்னா துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்குது, அதை வாங்காம விடாதீங்க.

கடைசியா ஒரு உதவி வேணும். பெரியப்பா இந்த ஆடியில அரை ஏக்கர்ல வரகு போடறேன்னு நிக்கறார், நடுவுல துவரையும். விக்கறதுக்கு இல்லை, வீட்டுக்கு. விதை கிடைச்சுடுச்சு. நாலு மாசத்துல அறுத்துடலாம். அதுக்கப்புறம்தான் சிக்கல். நெல்லு மில் எத்தனையோ இருக்கு, வரகுல உமியை மட்டும் நீக்கி, தவிட்டைத் தொடாம, ஒரு மூட்டை ரெண்டு மூட்டைன்னு கொண்டு போனா அரைச்சுக் கொடுக்கற மில் பக்கத்துல கிடைக்கலை. பெரம்பலூர், அரியலூர், துறையூர் சுத்துவட்டாரத்துல அப்படி ஒரு மில் உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க. அப்பாயிகிட்ட கேட்டா உரல் இன்னும் கொல்லையில கிடக்குதுங்குது, குத்தறதுக்கு இந்தத் தடவை பெரியப்பாவை உட்காரச் சொல்லுங்குது.